சதுக்கம் யாருக்குச் சொந்தம்?

தென் கொரியத் தலைநகர் சியோலில், பூமிக்கடியில் ஓடும் ஐந்தாம் தடத்து ரயிலில் வந்து குவாங்வாமுன் நிலையத்தில் இறங்கிப் படியேறுகிறது ஒரு குடும்பம். கோடையில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அங்கே காணக்கூடிய குடும்பந்தான். கணவன் ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. மனைவி, எட்டு வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண். தெற்கே ஜொல்லாப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கும் கிழவியும் கூட. மனைவியின் பையில் இரண்டு துண்டுகளும் மாற்றுத் துணிகளும் இருக்கின்றன. நீரூற்றில் பிள்ளைகள் நனையாமல் திரும்ப மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

மேலே வந்ததும் சின்னப் பெண் தகப்பனின் கையை உதறிவிட்டு ஓடுகிறாள். சற்று தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, "அப்பா!" என்று கத்துகிறாள். அங்கே ஒரு தமிழர் நின்றிருந்தால் அவரும் திரும்பிப் பார்த்திருப்பார். கொரியர் தகப்பனை 'அப்பா' என்றும் தாயை 'ஓம்மா' என்றும் அழைக்கிறார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் இந்த மாதிரி ஒற்றுமைகளைக் கண்டு வியந்து, கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905-லேயே ஒரு நூல் வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலார் ஒப்புவதில்லை. குழந்தைகளின் மழலை எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார்கள். அது போகட்டும்.

அந்தக் குடும்பம் நிற்கும் இடம் பழைய குமாஸ்தாக்களின் வீதி. ஜோசன் வம்சம் 1392-ல் ஆட்சிக்கு வந்து, 1395-ல் கியோங்போக்குங் அரண்மனையைக் கட்டி முடித்தது. அதன் தெற்கு வாயில்தான் குவாங்வாமுன். வாயிலிலிருந்து தெற்கே நீண்ட அகன்ற வீதியின் இருபுறமும் ஆறு அமைச்சகங்கள் இருந்தன. உத்தியோக நியமனம், வரி, சடங்கு, படை, தண்டனை, கட்டட வேலை என்ற ஆறும் அங்கேதான் நடந்தன. நாட்டில் ஒருவனுக்கு வேலை கிடைத்ததும், வேலை போனதும், வரி விதிக்கப்பட்டதும், தலை போனதும் அந்த வீதியில் எழுதப்பட்ட காகிதங்களால்தான். 1946-லிருந்து அதற்குச் சேஜோங் வீதி என்று பெயர்.

சியோலே ஒரு வகையில் பிழைக்க வந்தவர்களின் ஊர். 1960-ல் சுமார் 24 லட்சம் பேர் இருந்த நகரம் 1988-ல் ஒரு கோடியைத் தாண்டியது. அதில் பெரும் பகுதி கிராமத்திலிருந்து மூட்டையோடு வந்தவர்கள். அந்தக் குமாஸ்தாவும் அப்படி வந்தவரே. பாட்டியை ஊர் சுற்றிக் காட்ட அழைத்து வரும் இடம் இந்தச் சதுக்கமாக இருப்பதில் வியப்பில்லை. அனுமதிச் சீட்டு கிடையாது, வெயில் தாழ உட்கார மர நிழல் இருக்கிறது. நகரத்தில் காசில்லாமல் உட்கார இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது வெளியூரில் பிழைக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சதுக்கம் என்று பெயரே தவிர, 2009 வரை அங்கே சதுக்கம் இல்லை. 16 வரிசைகளில் மோட்டார்கள் பாயும் சாலைதான் இருந்தது. 1968-ல் அதன் நடுவே தளபதி யி சுன்-சின்னுக்குச் சிலை வைத்தார்கள். நாட்டின் மாபெரும் கடற்படை வீரரை, பஸ்ஸின் ஜன்னல் வழியாக மட்டுமே ஜனங்கள் பார்த்துவந்தார்கள். 2009 ஆகஸ்டு முதல் தேதி சாலையைப் பத்து வரிசையாகக் குறைத்து, நடுவே மனிதர் நடக்கத் திறந்தார்கள். இருபுறமும் வண்டிகள் ஓட, நடுவில் நீளமான திட்டு. உலகிலேயே பெரிய சாலைத் தடுப்பு என்று உள்ளூர்க்காரர்களே கேலி பேசினார்கள். அந்தக் கேலியில் நியாயம் இருந்தது. பிறகு மேற்குப் புறத்துச் சாலையையும் சேர்த்துக்கொண்டு, ஐயாயிரம் மரங்கள் நட்டு, இரு மடங்குக்கு மேலாக விரித்து, 40,300 சதுர மீட்டராக 2022 ஆகஸ்டு 6-ந் தேதி மறுபடி திறந்தார்கள். மோட்டார்களிடமிருந்து பிடுங்கி நடப்பவனுக்குக் கொடுத்த நிலம் இது. இதைச் செய்ததற்காக அந்த நகர நிர்வாகத்தைத் தாராளமாகப் பாராட்டலாம்.

பாராட்டு அதோடு நிற்கிறது. ஏன் என்பதைச் சொல்லுமுன் பிள்ளைகள் முதலில் ஓடும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

தளபதி சிலையின் கீழே நீரூற்று. 1597-ல் மியோங்ன்யாங் நீரிணையில், 13 கப்பல்களை வைத்துக்கொண்டு ஜப்பானியரின் 133 போர்க் கப்பல்களை விரட்டியடித்தவர் அவர். அதே ஆண்டின் தொடக்கத்தில் அரசர் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டிருந்தார். உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று குற்றச்சாட்டு. அவருக்குப் பதிலாக வந்தவர் கடற்படை முழுவதையும் ஏறக்குறையப் பறிகொடுத்த பிறகு, மறுபடி கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். மிச்சமிருந்த கப்பல்களோடு அவர் புறப்பட்டார். 1598-ல் கடைசிப் போரில் குண்டுபட்டு இறந்தார். மேலதிகாரியிடம் பட்ட பாட்டை மறந்து வேலை செய்தவர் என்ற வகையில், எல்லா நாட்டுச் சிப்பந்திகளுக்கும் அவர் ஒரு தெய்வம்தான். சிலையில் அவர் வாளை வலது கையில் பிடித்திருக்கிறார். வலது கைக்காரர் உறையை இடது கையிலல்லவா பிடிக்க வேண்டும், இது சரணடையும் கோலமாகாதா என்று ஐம்பது ஆண்டுகளாகச் சர்ச்சை. பையன் இதைக் கவனித்துக் கேட்கிறான். தகப்பனுக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் தங்கைக்கு நீர் பாய்ந்து உடம்பெல்லாம் நனைந்தாயிற்று.

எழுத்தைக் கொடுத்த மன்னர்

வடக்கே இன்னும் சிறிது நடந்தால் மன்னர் சேஜோங். இடது கையில் புத்தகம், வலது கை வாஞ்சையோடு உயர்ந்திருக்க, பொன்னிறமாக வீற்றிருக்கிறார். 6.2 மீட்டர் உயர வெண்கலச் சிலை. 2009 அக்டோபர் 9-ந் தேதி, அதாவது கொரிய எழுத்துத் தினத்தன்று திறக்கப்பட்டது. அந்த நாளின் கதையும் சுவாரசியமானது. பொது விடுமுறைகள் மிகுந்துவிட்டன என்று முதலாளிகள் முணுமுணுக்க, 1991 முதல் அதை விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். மீண்டும் விடுமுறையாக்க 2013 வரை போராட வேண்டியிருந்தது.

1418 முதல் 1450 வரை ஆண்ட இந்த மன்னர்தான் 1443-ல் 28 எழுத்துக்களை உருவாக்கி 1446-ல் நாட்டுக்கு அறிவித்தார். அதுவரை கொரியர் சீன எழுத்திலேயே எழுதினார்கள். அதைப் படிக்க ஆயுள் காலம் வேண்டும், சோற்றுக் கவலை இல்லாத குடும்பமும் வேண்டும். பாமர ஜனங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தும் சொல்ல வழியில்லாமல் தவிக்கிறார்களே என்ற இரக்கத்தால் இந்த எழுத்தைச் செய்ததாக அவரே முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

அரண்மனைப் பண்டிதர்களுக்கு இது பொறுக்கவில்லை. 1444-ல் சோ மல்லி என்பவரும் கூட ஆறு பேரும் எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். சீனத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது காட்டுமிராண்டி நாடுகளின் வழக்கம் என்றார்கள். இரண்டாவது காரணம்தான் உள்ளே இருந்த உண்மைப் பயத்தைக் காட்டியது. இந்தச் சில எழுத்துக்களைக் கற்றுக்கொண்டு ஒரு சாதாரண எழுத்தன் சர்க்கார் உத்தியோகத்தில் முன்னேறிவிட முடியுமானால், கஷ்டப்பட்டுச் சாஸ்திரம் படிக்க யார் வருவார்கள் என்று கேட்டார்கள். வழக்குகளில் ஏழைக்குத் தன் வாக்குமூலத்தைத் தானே படித்துப் பார்க்க முடியும் என்ற வாதத்துக்கும் பதில் வைத்திருந்தார்கள். நீதி கெடுவது காவலர் யோக்கியதையால், எழுத்தால் அல்ல என்றார்கள். மன்னர் ஏழு பேரையும் ஒரு நாள் காவலில் வைத்து மறுநாள் விட்டுவிட்டார்.

இந்தக் கதையைச் சிலையின் அடியிலுள்ள நிலத்தடிக் கண்காட்சியில் பிள்ளைகளுக்கு அழகாகச் சொல்கிறார்கள். அங்கே நுழையவும் காசில்லை. ஆனால் இதற்கு அடுத்த கதையை யாரும் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. எழுத்தை அறிவித்துச் சுமார் மூன்று ஆண்டுகள்தான் ஓடியிருந்தன. 1449-ல் யாரோ ஒருவர் அந்தப் புது எழுத்திலேயே, ஒரு மந்திரியின் பெயரைச் சொல்லி, அரசாங்க வேலையில் இனியும் முறைகேடு செய்யாதே என்று சுவரில் எழுதி வைத்தார். அரசவை நாளேட்டில் இது பதிவாகியிருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாது. 1504-ல் யோன்சான் என்ற கொடுங்கோல் அரசன், தன்னைத் தூற்றும் சுவரொட்டிகள் இந்த எழுத்தில் வருவதைக் கண்டு எழுத்தையே தடை செய்தான்.

ஆகவே இந்த எழுத்தும் மனுவும் கண்டனமும் கூடவே பிறந்தவை. மன்னரின் சிலையை வைத்துவிட்டு, அதன் முன்னால் அட்டையில் நாலு வரி எழுதிப் பிடித்து நிற்பவனை அப்புறப்படுத்த நினைப்பது மன்னரைப் பாதியாக வெட்டி வைப்பதாகும்.

வாயிலின் கதை

சிலைக்குப் பின்னால் வாயில் தெரிகிறது. 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது அரண்மனையோடு எரிந்து, 270 ஆண்டுகளுக்கு மேல் பாழாய்க் கிடந்து, 1860-களில் மீண்டும் எழுந்த வாயில் அது. 1910-ல் நாட்டை விழுங்கிய ஜப்பான், அரண்மனை முற்றத்தை மறைத்து 1926-ல் தன் தலைமைச் செயலகத்தைக் கட்டியது. வாயிலை இடிக்கவே திட்டமிட்டிருந்தார்கள். யானாகி முனேயோஷி என்ற ஜப்பானியக் கலை விமரிசகரே 1922-ல் இதைக் கண்டித்து எழுதினார். கண்டனம் கிளம்பியதால், இடிக்காமல் பெயர்த்து அரண்மனையின் கிழக்குப் பக்கம் ஒதுக்கினார்கள். ஒரு கட்டுரையால் ஒரு கட்டடம் பிழைப்பது அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் கொரியப் போரில் அதன் மரமாளிகை எரிந்துபோயிற்று. 1968-ல் சிமெண்டுக் கான்கிரீட்டில் கட்டினார்கள். பிறகு அதையும் பிரித்து, பழைய இடத்தில் பழைய முறையில் மரத்தாலேயே கட்டி 2010 ஆகஸ்டு 15-ல் திறந்தார்கள். ஜப்பானியர் கட்டடத்தை 1995 சுதந்திர தினத்தன்று உச்சிக் கூம்பை அறுத்து இறக்கி இடிக்கத் தொடங்கினார்கள்.

1968-ல் வாயிலின் பெயர்ப் பலகை கொரிய எழுத்தில் இருந்தது. அதிபர் பார்க் சுங்-ஹீ தம் கையாலேயே எழுதியது. இப்போது இருப்பதோ 2023-ல் மாட்டிய பலகை. பழைய முறைப்படி கறுப்புப் பின்னணியில் பொன்னிறச் சீன எழுத்துக்கள். எழுத்தைக் கொடுத்த மன்னரின் முதுகுக்குப் பின்னால், அவர் எந்த எழுத்திலிருந்து ஜனங்களை விடுவிக்க நினைத்தாரோ அந்த எழுத்தில் பலகை! சரித்திரத்தை உள்ளபடி வைக்க வேண்டும் என்பவர்களுக்கும், மக்கள் எழுத்து வேண்டும் என்பவர்களுக்கும் வாதம் ஓயவில்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பாட்டிக்கு அந்தப் பலகையைப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் நிச்சயம்.

கண்காட்சியில் இல்லாதது

பையனிடம் தளபதியைச் சொன்னாயிற்று, மன்னரைச் சொன்னாயிற்று. வாயில் காவலர் பழைய உடையில் முறை மாறும் வேடிக்கையையும் காட்டியாகிவிட்டது. பாரம்பரிய உடையான ஹன்போக் அணிந்து வந்தால் அரண்மனைக்குள் இலவசம் என்பதால் வாடகைப் பட்டுடையில் திரியும் பெண்களையும் பார்த்தாயிற்று. பெரும்பாலான குடும்பங்கள் இத்தோடு திரும்பிவிடுகின்றன. ஆனால் சதுக்கத்தின் சரித்திரம் 1598-ல் முடிந்துவிடவில்லை. மற்றதையெல்லாம் சொல்லும் கல்வெட்டும் கண்காட்சியும் எங்கே என்று கேட்பது பிழையா?

1960 ஏப்ரல் 19-ந் தேதி, தேர்தல் மோசடியை எதிர்த்து மாணவர்கள் இந்த வீதி வழியாகத்தான் அதிபர் மாளிகையை நோக்கிப் போனார்கள். போலீசார் சுட்டார்கள். நாடெங்கும் 180-க்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, ஏப்ரல் 26-ல் அதிபர் சிங்மன் ரீ பதவி விலகினார். 2008 ஜூன் 10-ந் தேதி, அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை எதிர்த்த கூட்டம் மாளிகைப் பக்கம் போகாதபடி, தளபதி சிலை அருகே கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி மதில் எழுப்பினார்கள். ஏறிவிடாதிருக்க அதில் கிரீஸ் தடவியதாகவும் செய்தி வந்தது. ஜனங்கள் அதற்கு அதிபரின் பெயரைச் சூட்டிக் 'கோட்டை' என்று அழைத்துச் சிரித்தார்கள்.

பிறகு 2014. ஏப்ரல் 16-ந் தேதி சேவோல் என்ற பயணிக் கப்பல் ஜேஜு தீவுக்குப் போகும் வழியில் கவிழ்ந்தது. 304 பேர் மாண்டார்கள். அவர்களில் 250 பேர் ஆன்சான் நகரத்தின் ஒரே பள்ளியிலிருந்து சுற்றுலா புறப்பட்ட மாணவ மாணவியர். இருந்த இடத்தை விட்டு அசையாதீர்கள் என்று கப்பலில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். பிள்ளைகள் கீழ்ப்படிந்தார்கள். காப்டன் முன்னதாகத் தப்பி வந்தார். ஏன் இப்படி நடந்தது என்று விசாரிக்கச் சட்டம் வேண்டும் எனக் கேட்டு, அந்த ஜூலையில் பெற்றோர் இந்தச் சதுக்கத்தில் கூடாரம் போட்டு உண்ணாவிரதம் இருந்தார்கள். மகளை இழந்த ஒரு தகப்பன் 46 நாள் சாப்பிடவில்லை. ஆகஸ்டு 16-ல் இங்கே திருப்பலி நடத்த வந்த போப் பிரான்சிஸ், வண்டியை நிறுத்தி இறங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். செப்டம்பரில் வேறொரு கும்பல் அதே சதுக்கத்துக்கு வந்து, பட்டினி கிடந்தவர்களின் கண்ணெதிரே விருந்து சாப்பிட்டுக் காட்டியது. அதையும் சதுக்கம் பார்த்தது.

கூடாரங்கள் 2019 மார்ச் வரை, அதாவது ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக நின்றன. பிறகு ஒரு சிறு நினைவுக் கூடம் மட்டும். 2021 ஜூலையில், சதுக்கத்தைப் புதுப்பிக்கும் வேலைக்கு இடைஞ்சல் என்று அதையும் காலி செய்யச் சொன்னது நகர நிர்வாகம். பெற்றோர் வேலையை எதிர்க்கவில்லை. வேலை முடிந்ததும் ஏதாவதொரு மூலையில் அடையாளம் இருக்குமா என்றுதான் கேட்டார்கள். கடைசியில் புகைப்படங்களை ஒவ்வொன்றாகத் துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு, அருகிலிருந்த நகர மன்றக் கட்டடத்துக்குப் போனார்கள்.

அந்தக் கூடாரங்களிலிருந்துதான் 2016-ன் மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன என்று சொன்னால் மிகையாகாது. அக்டோபர் 29 தொடங்கிச் சனிக்கிழமை தோறும் கூட்டம். டிசம்பர் 3-ந் தேதி நாடு முழுவதும் 23 லட்சம் பேர் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். போலீஸ் கணக்கு 4 லட்சத்துச் சொச்சம். எண்ணிக்கை எதுவானாலும், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு தாய்மார் வந்ததும், கலையுமுன் குப்பையைத் தாங்களே பொறுக்கியதும் உலகம் கண்ட காட்சி. டிசம்பர் 9-ல் நாடாளுமன்றம் அதிபர் பார்க் குன்-ஹே மீது குற்றத் தீர்மானம் நிறைவேற்றியது. 2017 மார்ச் 10-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அவரைப் பதவி நீக்கியது. மறுபடியும் 2024 டிசம்பர் 3-ந் தேதி இரவு அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டம் பிறப்பித்து, சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் 190 ஓட்டில் அதை ரத்துச் செய்யச் சொன்ன பிறகு, அவர் 2025 ஏப்ரல் 4-ல் நீக்கப்படும்வரை, இந்த வாயிலை ஒட்டிய வீதிகளில் அவரை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் பனியில் உட்கார்ந்திருந்தார்கள். மெழுகுவர்த்திக்குப் பதில் இளைஞர்கள் கையில் பாட்டுக் கச்சேரிகளில் பிடிக்கும் ஒளிக்குச்சி.

இப்படிப்பட்ட இடத்துக்கு, 2022-ல் மறுபடி திறந்தபோது நகர நிர்வாகம் என்ன ஏற்பாடு செய்தது தெரியுமா? சதுக்கம், மக்களின் ஆரோக்கியமான பொழுதுபோக்குக்கும் கலை நிகழ்ச்சிக்குமே என்ற விதியைச் சுட்டிக் காட்டி, உபயோகிக்க வரும் விண்ணப்பங்களை ஆராய ஓர் ஆலோசனைக் குழு வைத்தது. கலை நிகழ்ச்சி என்ற பெயரில் கண்டனக் கூட்டம் நுழைந்துவிடாதபடி பார்ப்பது அந்தக் குழுவின் வேலை. கொரியக் குடியரசின் அரசியல் சட்டம் 21-ஆம் விதியில், கூட்டம் கூடுவதற்கு அனுமதி பெறும் முறையை ஏற்பதில்லை என்று பச்சையாக எழுதியிருக்கிறது. 1987-ல் சிறையும் உயிரும் கொடுத்து வாங்கிய சட்டம் அது. அரசியல் சட்டம் வாசல் வழியாக வெளியே அனுப்பியதை நகராட்சி விதி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவரலாமா? 2009-ல் நகர மண்டபச் சதுக்கத்தைப் போலீஸ் பஸ்களை வரிசையாக நிறுத்தி அடைத்தது அரசியல் சட்ட விரோதம் என்று 2011-ல் அதே நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்ததை மறந்துவிட்டார்களா?

எதிர்த்தரப்பிலும் சொல்ல விஷயம் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. வாரம் தவறாமல் ஒலிபெருக்கி அலறினால், பக்கத்துத் தெருக்களில் குடியிருப்பவன் எங்கே போவான்? அவனும் வரி கட்டுகிறவன்தானே? 2020 ஆகஸ்டு 15-ல், தொற்றுக் காலத்தில் நடந்த கூட்டம் வியாதியைப் பரப்பியது. கட்சிக் கொடிகளுக்கு நடுவே குழந்தையை அழைத்து வரத் தாய்மார் தயங்குவதும் உண்மை. நீரூற்றில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்க்க ஒரு பாட்டிக்கு உரிமை இல்லையா?

உண்டு. ஒலிக்கு அளவு வை. இரவுக்கு மணி வை. ஒரே இடத்தில் இரண்டு கூட்டம் மோதாமல் நேரம் பிரித்துக் கொடு. யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை. ஆனால் வந்தவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்துவிட்டு இடம் கொடுப்பது வேறு. அதைத்தான் 1444-ன் பண்டிதர்கள் செய்யப் பார்த்தார்கள்.

நிர்வாகத்துக்குச் சதுக்கத்தில் எதையும் நாட்டவே ஆசை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஜூனில், அங்கே 100 மீட்டர் உயரத்துக்குத் தேசியக் கொடிக் கம்பம் நாட்டப் போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டு, கொரியப் போரில் உதவிய நாடுகளுக்கு நன்றி சொல்லும் பூங்கா என்று திட்டத்தை மாற்றினார்கள். நன்றி நல்ல குணமே. அந்த உதவியில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 1950 நவம்பரில் போன 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு, துப்பாக்கி தூக்கவில்லை, காயம்பட்டவர்களைத் தூக்கியது. ஆனால் வெளிநாட்டாருக்கு நன்றிக்கல் வைக்க இடம் கிடைக்கிற சதுக்கத்தில், ஐந்து ஆண்டு அங்கேயே உட்கார்ந்திருந்த சொந்த நாட்டுத் தாய் தகப்பன்மாருக்கு ஒரு முழ இடம் இல்லை என்பது எப்படி?

304 பெயர்களைப் பொறித்த ஒரு கல் போதும். உயரமாக வேண்டாம். நீரூற்றில் நனைந்த பிள்ளைகள் உட்கார்ந்து துவட்டிக்கொள்ளும் உயரத்தில் இருந்தால் சரி. 1960-ன் மாணவர்களுக்கும், 2016-ன் சனிக்கிழமைகளுக்கும் நிலத்தடிக் கண்காட்சியில் ஓர் அறை ஒதுக்கலாம். விண்ணப்பத்தின் உள்ளடக்கத்தைச் சோதிக்கும் குழுவைக் கலைத்துவிட்டு, ஒலியளவு பார்க்க இரண்டு சிப்பந்திகளை வைத்தால் செலவும் குறைவு.

மாலையாகிவிட்டது. பிள்ளைகளுக்கு உடை மாற்றியாயிற்று. குடும்பம் ரயில் நிலையப் படிகளை நோக்கி நடக்கிறது. வழியில் ஒருவர் மார்பளவு அட்டையைப் பிடித்துத் தனியாக நிற்கிறார். கூட்டம் என்றால் இரண்டு பேராவது வேண்டும் என்பதால் ஒற்றை ஆளாக நிற்பவரைச் சட்டம் கூட்டமாகக் கருதுவதில்லை, முன்னறிவிப்பும் தேவையில்லை. அதனால் அந்நாட்டில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. "அந்த மாமா ஏன் நிற்கிறார், அப்பா?" என்று பையன் கேட்கிறான். நேரமாகிறது, ரயில் போய்விடும் என்று தகப்பன் அவன் தோளைத் தள்ளுகிறார். குமாஸ்தாவுக்கு இந்த மாதிரி இடங்களில் நின்று பழக்கமில்லை. யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம் வேறு.

பாட்டி நின்றுவிட்டாள். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் கிராமத்தில் பெண்களைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேரைப் போல, தலை நரைத்த பிறகு முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவள் அவள். அட்டைக்கு அருகே போய், கண்ணைச் சுருக்கி, விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி வாய்விட்டு வாசிக்கிறாள். அட்டை பிடித்தவர் அவளுக்கு வசதியாக அதைச் சற்றுத் தாழ்த்துகிறார். நடுவில் ஒரு சொல் பிடிபடவில்லை. பையன் ஓடிப் போய் அதைப் படித்துக் காட்டுகிறான். தகப்பன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்.

அந்த ரயில் போய்விட்டது. அடுத்தது சில நிமிடத்தில் வரும்.